கவிழ்த்த சீட்டு

சீட்டாட்ட வாரியம் பழைய ஆட்டங்களைத் திறக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, செலினின் முறை வந்தது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அவள் நடத்தும் போக்கர் பயிற்சிக்கூடத்தில் அன்று வகுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் மாணவர்கள் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ருக்மாங்கதன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. சந்தேகம் கேட்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

"மேடம், கவுத்துப் போட்ட சீட்டு என்னன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு சீட்டுக்குள்ளயும் தலைமுடி கனத்துல ஒரு இழை இருக்கு சார். எந்தச் சீட்டு யார் கையில இருக்குன்னு மேஜைக்குத் தெரியும். கள்ளச் சீட்டு நுழையக்கூடாதுன்னு பத்து வருஷம் முன்னாடி கொண்டுவந்தாங்க. ஆனா மேஜை வாயைத் திறக்காது. கடைசியில சீட்டைத் திறக்கிற ஷோவுல யார் காட்டணுமோ அவங்க சீட்டை மட்டும்தான் திரையில போடும்."

"யார் காட்டணும்?"

"கடைசியா பந்தயத்தை ஏத்தினவங்க முதல்ல காட்டணும். எதிராளி அதைப் பாத்துட்டு, தன்னோடது பெருசா இருந்தா திறந்து ஜெயிக்கலாம். சின்னதா இருந்தா காட்டாமலே கவுத்துடலாம். பந்தயத்துக்குப் பயந்து எல்லாரும் முன்னாடியே கவுத்துட்டாங்கன்னா, மிச்சம் இருக்கிறவர் எதையும் காட்ட வேண்டியதில்ல. காட்டாம இருக்கிறது தப்பில்ல சார். அது ஆட்டத்துல பாதி."

"இனிமே அந்தப் பாதி கிடையாதுன்றீங்க."

செலின் சுவரில் இருந்த திரையின் பக்கம் திரும்பினாள்.

முந்தைய வருடம் ஒரு கூட்டுச்சதி பிடிபட்டது. நான்கு பேர் சொல்லிவைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடியிருந்தார்கள். அதன் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. மேஜைகள் நினைவில் வைத்திருக்கும் எல்லாச் சீட்டையும், கவிழ்த்ததையும் சேர்த்து, பத்து வருடத்துக்குப் பின்னோக்கித் திறப்பது. எது இயல்பான ஆட்டம், எது விட்டுக்கொடுத்தது என்று ‘சான்று’ என்ற இயந்திரம் எடைபோட்டுச் சொல்லும். நேர்மையானவருக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று வாரியத்தின் தலைவர் கேட்டார். அடுத்ததாக ஏல அறைகளிலும் சமரச அறைகளிலும் மறைத்ததையெல்லாம் திறப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது.

திரை விழித்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய தேசியப் போட்டி, இறுதி ஆட்டத்தின் கடைசிக் கை. மேஜை நடுவில் பொதுவான ஐந்து சீட்டுகள்: இரண்டு ராஜா, இரண்டு ஆறு, ஒரு ஜாக்கி. முப்பத்திரண்டு வயது செலின் தன் முன்னால் இருந்த பந்தய வில்லைகள் மொத்தத்தையும் நடுவே தள்ளுகிறாள். எதிரே தணிகாசலம், கடலூர்க்காரர். ஒரு நிமிடம் அசையாமல் இருக்கிறார். பிறகு இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே தள்ளிவிடுகிறார். செலின் சாம்பியன்.

முதலில் அவள் சீட்டு திரும்பியது. ஒரு ஏழு, ஒரு இரண்டு. ஒன்றுமில்லாத கை. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரும் ஊகித்ததுதான். அந்தப் பொய்ப் பந்தயம்தான் அவளுடைய புகழ். அதைப் பாடமாக வைத்துத்தான் இந்தக் கூடமே நடந்தது.

அடுத்து தணிகாசலத்தின் சீட்டு திரும்பியது. ஒரு ஆறு. இன்னொரு ஆறு.

கைதட்டல் நின்றது. நடுவில் இருந்த இரண்டோடு சேர்த்தால் நான்கு ஆறு. நான்கு ராஜாவைத் தவிர அதை வெல்ல ஒன்றுமில்லை. அந்தக் கையை யாரும் கவிழ்க்க மாட்டார்கள்.

திரையின் அடியில் சான்றின் வரி ஓடியது: ‘இந்தச் சீட்டைக் கவிழ்க்க இயல்பான காரணம் எதுவும் காணப்படவில்லை.’

ருக்மாங்கதன் மெதுவாகக் கேட்டார். "இது எப்படி மேடம்?"

மதியத்துக்குள் வாரியத்தின் அறிவிப்பு வந்துவிட்டது. பத்தாம் நாள் விசாரணை. கூட்டுச்சதி என்று உறுதியானால் இருவருக்கும் வாழ்நாள் தடை, பட்டம் பறிப்பு, கூடத்துக்குப் பூட்டு.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேர் இனி வகுப்புக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தொலைபேசியில் அழுதாள். செலின் அழவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு கதை ஓயாமல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வில்லியனூரில் அண்ணன் தம்பி இருவர் போட்டிகளில் ஆடுவார்கள். தம்பி தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்த ஒரு காலத்தில், அண்ணன் மூன்று முறை பெரிய கையைக் கவிழ்த்து அவனை ஜெயிக்கவிட்டிருக்கிறான். முதல் வாரம் அது திறக்கப்பட்டது. அண்ணனுக்குத் தடை விழுந்தது. தம்பி அதைவிட மோசமாக அடிபட்டான். தன் வாழ்க்கையில் தானாக ஜெயித்தது எது என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை. அண்ணனோடு பேச்சே இல்லை.

மறுநாள் காலை அவள் கடலூருக்குப் பேருந்து ஏறினாள்.

*

தணிகாசலம் முதுநகரில், துறைமுகத்துக்குப் பின்தெருவில் மகளோடு இருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் ஒரு கணம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் நின்றார்.

"நான்தாண்ணே, செலின்."

"குரல் தெரியாதா? உள்ள வா."

அறுபத்தேழு வயது. மெலிந்திருந்தார். அவரே டீ போட்டார். டம்ளரில் ஊற்றும்போது இடதுகை ஆள்காட்டி விரலை விளிம்புக்குள் வைத்துக்கொண்டார். சூடு விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். செலின் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவர் உணர்ந்தார்.

"நடுவுல புகை மாதிரி," என்றார். "ஓரம் தெரியும். நேரா பாத்தா தெரியாது. உன் மூஞ்சி எனக்கு ரெண்டு காது மட்டும்தான்."

"எத்தனை வருஷமாண்ணே?"

"ஏழு எட்டு வருஷம் ஆவும். அப்போ கொஞ்சமா இருந்துச்சு. மருந்து போட்டாச்சு, ஊசி போட்டாச்சு. திரும்ப வராதுன்னுட்டாங்க."

அவள் பையிலிருந்து வாரியத்தின் அறிவிப்பை எடுத்தாள். நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணே, இதை நீங்க அங்க சொன்னாப் போதும். கண்ணு சரியாத் தெரியல, சீட்டைத் தப்பாப் படிச்சுட்டேன்னு ஒரே வார்த்தை. டாக்டர் சீட்டு இருக்குமில்ல. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாது."

"முடியாது."

"ஏண்ணே?"

"ரெண்டு வருஷம் ஊர் ஊரா ஆடினேன், ஒருத்தருக்கும் தெரியாம. என் பொண்ணுகிட்டயே மூணு வருஷம் முன்னாடிதான் சொன்னேன். இப்போ போயி, தணிகாசலம் ஆறு எது அஞ்சு எதுன்னு தெரியாம நேஷனல் ஃபைனல் ஆடினான்னு நாடு பூரா போடுவான். ஐயோ பாவம்பான்." டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "கள்ளன்னு சொல்லட்டும். குருடன்னு சொல்ல வேணாம்."

"நாம கள்ளத்தனம் பண்ணலியே."

"நமக்குத் தெரியும்ல? போதும்."

"எனக்குப் போதாதுண்ணே. முப்பது பேரு என்னை நம்பி வந்தாங்க."

அவர் தன் டம்ளரைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்: "விசாரணைக்கு வர்றேன். வாயத் திறக்க மாட்டேன். நீயும் என் கண்ணைப் பத்திப் பேசக்கூடாது. சத்தியமா?"

அவள் தயங்கினாள். அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார், அவள் இருக்கும் திசைக்குச் சற்று விலகி. செலின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியம்."

"ஆமா, நீ எப்போ கண்டுபிடிச்சே?"

"இப்பதாண்ணே. டீ ஊத்தும்போது."

அது பொய்.

*

திரும்பிவரும் பேருந்தில் அந்தப் பொய் அவளோடு உட்கார்ந்து வந்தது.

உண்மையில் அவள் கண்டுபிடித்தது ஆறு வருடம் முன், கடைசிக் கைக்கு இரண்டு கை முந்தைய ஆட்டத்தில். தணிகாசலம் பந்தயம் கட்டினார், செலின் அதே அளவு வைத்து ஈடுகட்டினாள். கடைசிப் பந்தயம் அவருடையது, ஆகவே அவர்தான் முதலில் திறக்க வேண்டும். அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. சீட்டைத் திறப்பவர் பார்வையாளர்களுக்காக ஒலிவாங்கியில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் திறந்தார், "ஆறு ஜோடி" என்றார். செலினிடம் ஏழு ஜோடி. அவள் திறந்துவிட்டு வில்லைகளை இழுக்கக் கை நீட்டினாள். சீட்டுப் போடும் பெண் குறுக்கே கைவைத்தாள். "ஒரு நிமிஷம் மேடம். அவரோடது எட்டு ஜோடி. வாய் தப்பாச் சொன்னாலும் சீட்டு பேசுது. கை அவருக்குத்தான்." அரங்கம் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். களைப்பில் வாய் குளறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

செலின் மட்டும் அவர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சீட்டை நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி, பறவை பார்ப்பதுபோல் பார்த்தார். அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குச் சீட்டு தெரியவில்லை.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. ஷோ வரை போனால் சீட்டே அவருக்காகப் பேசிவிடும். ஷோவுக்கு முன்னால் துரத்தினால், தன் கையில் இருப்பது என்னவென்றே நிச்சயமில்லாத ஒருவரைத் துரத்துவது சுலபம். ஒரு கை காத்திருந்தாள். அடுத்ததில் மொத்தத்தையும் தள்ளினாள்.

எந்த விதியையும் அவள் மீறவில்லை. எதிராளியின் பலவீனத்தைப் படிப்பதுதான் ஆட்டம் என்று ஆறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிவந்தாள். அந்தக் கையைப் பற்றி யார் கேட்டாலும், அவர் மூச்சுவிட்ட விதத்தை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்வாள். சான்றுக்கு எல்லாச் சீட்டும் தெரியும். இது தெரியாது. இனி யாருக்கும் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அரியாங்குப்பம் தாண்டும்போது அவள் முடிவு செய்துவிட்டாள்.

*

விசாரணை வாரிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். ஓய்வு பெற்ற நீதிபதி மெஹருன்னிஸா நடுவில் உட்கார்ந்திருந்தார். சுவரில் அந்த ஒன்பது சீட்டுகளும் பெரிதாகத் தெரிந்தன. பார்வையாளர் வரிசை நிறைந்திருந்தது. ருக்மாங்கதனும் வந்திருந்தார். தணிகாசலத்தை மகள் பூங்கோதை கைபிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தாள். பார்ப்பவர்களுக்கு அது வயதானவரை மகள் பாசமாக நடத்துவதுபோல்தான் தெரிந்தது.

"சந்தேகத்துக்கு உரிய சீட்டு திரு தணிகாசலத்துடையது," என்றார் நீதிபதி. "அதனால அவரையே முதல்ல கேட்டுடலாம்."

செலின் எழுந்தாள். "அம்மா, அந்தக் கையில கடைசியா பந்தயம் ஏத்தினது நான். முதல்ல திறக்க வேண்டியது நான்."

"இது விசாரணை. சீட்டாட்டம் இல்ல."

"சீட்டாட்டத்தைப் பத்தின விசாரணைதானேம்மா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, சொல்லுங்க," என்றார்.

"நாங்க சொல்லிவெச்சு ஆடல. ஆனா அவர் கவுப்பார்னு எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாத் தெரியும். அவரைப் பத்தி ஒரு விஷயத்தை அன்னைக்கு மேஜையில நான் மட்டும் கவனிச்சேன். அதைச் சொல்லியிருந்தா ஆட்டத்தை நிறுத்தி அவருக்கு உதவி பண்ணியிருப்பாங்க. நான் சொல்லல. அதை வெச்சே அடிச்சேன். ஆறு வருஷமா அதைத் திறமைன்னு சொல்லிப் பாடம் நடத்திட்டு இருக்கேன்." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன். தடையும் போடுங்க. எனக்கு மட்டும் போடுங்க. அவர் எதையும் விட்டுக்கொடுக்கல."

"என்ன கவனிச்சீங்க?"

"அது என்னோட சீட்டு இல்லம்மா. நான் திறக்க முடியாது."

சான்றின் குரல் கூரையிலிருந்து, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. "முதல் நபர், எதிராளி கவிழ்ப்பார் என்று முன்கூட்டியே அறிந்திருந்ததாக ஒப்புக்கொள்கிறார். கூட்டுச்சதிக்கான சாத்தியம் உயர்கிறது."

நீதிபதி தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க பேசணும்னு கட்டாயம் இல்ல. இவங்க சொன்ன முறைப்படியே பாத்தாலும், ரெண்டாவது ஆள் காட்டாமலே கவுக்கலாம். உங்க விருப்பம்."

அவர் நீதிபதியின் குரல் வந்த பக்கம் திரும்பினார். தலை சாய்ந்தே இருந்தது. பூங்கோதை, "வேணாம்பா, வீட்டுக்குப் போலாம்," என்று கிசுகிசுத்தாள்.

"அந்த மைக்கை என் கையில குடு," என்றார் தணிகாசலம்.

அவள் கொடுத்தாள்.

"டீ ஊத்தும்போதுன்னு சொன்னியே, செலினு."

"பொய்ண்ணே. மன்னிச்சுக்குங்க."

"ம்." ஒலிவாங்கியைச் சரியாகப் பிடித்தார். "அம்மா, எனக்குக் கண்ணு நடுவுல தெரியாது. அன்னைக்கும் அப்படித்தான். கையில ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும். அஞ்சா ஆறான்னு தெரியல. இந்தப் பொண்ணு எனக்குக் குடுத்த வாக்குக்காக இதைச் சொல்லாம நிக்குது."

வரிசையில் சலசலப்பு எழுந்தது. சான்று பேசியது. "விளக்கம் போதுமானதல்ல. ஐந்தாக இருந்தால் ஆட்டக்காரர் தோற்கக்கூடும். ஆறாக இருந்தால் ஏறக்குறைய உறுதியான வெற்றி. ஈடுகட்டித் திறந்திருந்தால் சீட்டே முடிவைச் சொல்லியிருக்கும். அவர் அதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. கவிழ்த்ததற்குக் காரணம் இன்னும் காணப்படவில்லை."

"சரியாத்தான் சொல்லுது," என்றார் தணிகாசலம். "சீட்டு பேசும். ஆனா மைக்குல நான்ல பேசணும்?"

ஒலிவாங்கியை வாய்க்கு இன்னும் அருகே கொண்டுவந்தார்.

"ரெண்டு கை முன்னாடி எட்டை ஆறுன்னு சொன்னேன். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இன்னொரு தடவை சொன்னா சிரிக்க மாட்டாங்க, புரிஞ்சுக்குவாங்க. அதுக்கப்புறம் அந்த மேஜையில ஒரு சீட்டும் திறக்கிறதில்லன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். நாலு ஆறா இருந்தா என்ன, நாலு ராஜாவா இருந்தா என்ன." செலின் இருந்த பக்கம் திரும்பினார். "நீ மொத்தத்தையும் தள்ளியிருக்க வேணாம்மா. ஒரே ஒரு வில்லையைத் தள்ளியிருந்தாலும் கவுத்திருப்பேன். நீ என்னைத் தோக்கடிக்கல. என் வெக்கம் தோக்கடிச்சுது."

செலின் உட்கார்ந்தாள். ஆறு வருடம் பெருமையாகச் சுமந்ததும், பத்து நாள் பாவமாகச் சுமந்ததும் ஒரே நொடியில் அவளுடையதாக இல்லாமல் போயிற்று. செத்த பாம்பை அடித்திருக்கிறாள். ஆனால் செத்தது என்று தெரியாமல்தானே கம்பை ஓங்கினாள் என்று உடனே தோன்றியது. அந்த ஓங்கிய கை மட்டும் இன்னும் அவளுடையதுதான்.

சான்று ஏதோ கணக்கிட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னது: "வெட்கம் என்பதற்கு அளவீடு இல்லை."

"உனக்கு இல்ல," என்றார் நீதிபதி, அதை நிமிர்ந்தும் பார்க்காமல். எழுதி முடித்துவிட்டு வாசித்தார். கூட்டுச்சதி இல்லை. இருவருக்கும் தடை இல்லை. ஆட்டத்தின் முடிவு அன்று மேஜையில் எப்படியோ அப்படியே நிற்கும், பட்டத்தைத் திருப்பி வாங்க விதி இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுதாத ஒன்றையும் சொன்னார்: "எனக்கு முன்னால இன்னும் நாலாயிரம் கை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் இப்படி ஒருத்தரை எழுப்பி நிக்க வைக்கணும்."

*

நடைபாதையில் அடுத்த விசாரணைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு கணவன் மனைவி, நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தடையை எதிர்த்து முறையிட வந்த வில்லியனூர் அண்ணன் தனியாக ஒரு தூணோரம் நின்றான். செலின் அவர்களைக் கடந்து போனாள், பின் நின்றாள்.

"அண்ணே, நான் வழக்குப் போடப் போறேன்."

"ஜெயிச்சாச்சேம்மா. இன்னும் என்ன?"

"ஆடினவங்க தானா திறக்காத சீட்டை யாரும் திறக்கக்கூடாதுன்னு. கள்ளத்தனம் பண்ணினவங்களைப் பிடிக்க வேற வழி தேடட்டும். இந்த வழி வேணாம். என்னோட இன்னொரு பேரும் வேணும்."

"என் பேரா? நான்தான் எல்லாத்தையும் திறந்துட்டேனே. காப்பாத்த எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

"அதான் கேக்குறேன். அவங்களுக்கு இருக்கு." அவள் நடைபாதையைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா திறந்தது வேற. அதுவா திறந்தது வேற. அந்த வித்தியாசம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

தணிகாசலம் யோசித்தார். பூங்கோதை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மூவரும் நீதிமன்றப் பதிவறைக்குப் போனார்கள். வில்லியனூர் அண்ணனும் வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, யாரோடும் பேசாமல், தம்பியும் நின்றிருந்தான். எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் மனுதாரர் இடத்தைக் காட்டினார். செலின் கையெழுத்திட்டாள். தாளைத் தணிகாசலத்தின் பக்கம் நகர்த்தினாள். பூங்கோதை பழக்கத்தில் அப்பாவின் மணிக்கட்டைச் சத்தமில்லாமல் பிடிக்கப் போனாள். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு தெரியாது சார்," என்றார் எழுத்தரிடம், அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "எந்த எடத்துல போடணும்னு கொஞ்சம் காட்டுங்க."

எழுத்தர் எழுந்து வந்து, அவருடைய விரலை எடுத்து, கோட்டின் மேல் வைத்தார்.